கடைசி வரிசைக்கு

ஆம்புரோஸ் டில்சன் வாயைத் திறந்தால்
பத்து சென்ட் பெஞ்சில் வேர்க்கடலை உரிப்பவன்
கையை நிறுத்துவான்.
அதுதான் அவன் சொத்து.
முகம் சுமார். உயரமும் சுமார்.
சிரக்யூசில் உப்புப் பீப்பாய் அடித்த தகப்பனிடம்
சுத்தியலை மீறிப் பேசிப் பேசி
வந்து சேர்ந்த குரல்.

பத்தொன்பது வருஷம் ரயில்.
ஈரி, டொலிடோ, பியோரியா.
எந்த ஊரானாலும் அவன்தான் வில்லன்.
அடமானப் பத்திரத்தை மடித்துக் கோட்டுக்குள் செருகி,
விதவையைக் காகிதப் பனியில் விரட்டி,
மூன்றாம் அங்கத்தில் கத்திக்குத்து வாங்கி,
செத்துச் செத்துப் பிழைத்தான்.
உவமை இல்லை. வாரத்துக்கு ஒன்பது காட்சி.
பியோரியாவில் ஒரு சலவைக்காரி
ஆத்திரத்தில் குடையை எடுத்து வீசினாள்.
அந்தக் குடையை அவன் திருப்பித் தரவில்லை.

1911இல் கம்பெனி முதலாளி
சம்பளப் பெட்டியோடு கொலம்பஸில் காணாமல் போனார்.
அப்படித்தான் ஹட்சனுக்கு அக்கரை,
ஃபோர்ட் லீ, கண்ணாடிக் கூரைக் கொட்டகை.
நாளைக்கு ஐந்து டாலர், மதியம் ஒரு சாண்ட்விச்.
“வசனம்?” என்று கேட்டான்.
“எதையாவது சொல். உதடு அசைந்தால் போதும்.”

முதல் நாள் முழு நெஞ்சோடு கர்ஜித்தான்.
பக்கத்து செட்டில் தச்சர்கள் ஆணி அடிப்பதை விட்டு
எட்டிப் பார்த்தார்கள்.
டைரக்டர் அவர்களைத் திட்டினார். அவனையும்.
பிறகு அலுத்துவிட்டது.
பாறை விளிம்பில் கதாநாயகியின் கழுத்தை நெரிக்கையில்
சலவைக் கணக்குச் சொன்னான்:
காலர் ஆறு, சட்டை மூன்று, ஒன்றில் பொத்தான் இல்லை.
மரணப் படுக்கையில், கண்ணீர் தளும்ப,
வீட்டுக்காரி வைக்கும் ஈரல் குழம்பைப் பற்றி
அச்சேற்ற முடியாத நாலு வார்த்தை.
கொட்டகை விம்மியது.
பியானோ வாசித்தவள் மூக்கைச் சிந்தினாள்.

மார்ச்சில் சின்சினாட்டியிலிருந்து ஒரு கடிதம்.
கேளாதோர் பள்ளி, மேல் வகுப்பு, பதினேழு பெண்கள்;
கையெழுத்து ஹெட்விக் க்ரோனர்.
“ஐயா, சனிக்கிழமை உங்கள் மரணத்தைப் பார்த்தோம்.
சிரித்த சிரிப்பில் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.
ஈரலை அப்படிச் சமைப்பது தவறுதான், ஒப்புக்கொள்கிறோம்.
ஆனால், சாகப்போகிற மனிதன்
தன் மகளிடம் என்ன சொல்வான்
என்று தெரிந்துகொள்ளத்தான் ஐயா
டிக்கெட் வாங்கினோம்.”

படிக்கும்போது முகத்தில் மஞ்சள் மாவு.
காது சிவந்தது யாருக்கும் தெரியவில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறது பழமொழி.
இவன் ஊதியதில்
ஒரு மூச்சு சிந்தாமல் வாங்கிக்கொண்டவர்கள்
அவர்கள் மட்டும்தான்.

அன்று முதல் ராத்திரிகளில் வசனம் எழுதினான்.
வட்டிக்காரனுக்கு ஒரு பசித்த பால்யம்,
கொலைகாரனுக்கு அரைகுறையாய் ஒரு மன்னிப்பு.
உதட்டை மறைக்கிறதென்று மீசையைச் சிரைத்தான்.
மீசையில்லாத வில்லனா?
சம்பளத்தில் இரண்டு டாலர் போயிற்று.
முகத்தைத் திருப்பிக்கொண்டு சாகச் சொன்னால் மறுத்தான்.
“யாருக்காக இந்த வீம்பு?” என்றார் டைரக்டர்.
“கடைசி வரிசைக்கு.”

சின்சினாட்டிக்குப் பதில் எழுதினானா, தெரியாது.

1929இல் படம் பேசத் தொடங்கியது.
அஸ்டோரியாவில் பூச்சாடிக்குள் மைக்கை ஒளித்திருந்தார்கள்.
டில்சன் ஒரே ஒரு வரி பேசினான்;
ஒலிப்பதிவுக்காரர்
காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தார்.
மெதுவாக. இன்னும் மெதுவாக.
ஐம்பத்தெட்டு வயதில் எங்கே போய்ப் பழகுவது?

பிறகு டேட்டனில் ஓர் ஓட்டலில் இரவு குமாஸ்தா.
அறை எண்ணை அவன் சொன்னால்
தூக்கக் கலக்கத்தில் நின்றவர்கள் திடுக்கிடுவார்கள்.
மேசைக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளைக் குடை.

படச்சுருள்களை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள்.
தப்பியது பதினோரு நொடி:
பாறை, காற்று, மழித்த மேலுதடு.
விழுவதற்கு முன்னால்
நேராகப் பார்த்து ஏதோ சொல்கிறான்.
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.
ஒரு வார்த்தை விளங்கவில்லை.